முனைவு அதிகம், கொதிநிலை குறைவு: எப்படி? (உதவி தேவை)

மின்மினி: நாளைக்குத் தேர்வு. முனைவுத்தன்மை (மூலக்கூறின் ஒரு முனையில் நேர்மின்சுமையும் மறுமுனையில் எதிர்மின்சுமையும் சற்று ஒதுங்கியிருப்பது) கூடினால் மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு கூடும், கொதிநிலையும் கூடும் என்றுதான் படித்தேன். அட்டவணையில் தலைகீழாக இருக்கிறது. அவசரம்!

கரையோரம்: எந்தச் சேர்மங்கள்? கொதிநிலை எவ்வளவு?

சோதனைக்குழாய்: ஹைட்ரஜன் பிணைப்பாகத்தான் இருக்கும், அதாவது ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஃப்ளூரின், ஆக்சிஜன் அல்லது நைட்ரஜன் அணுவை வலுவாக ஈர்ப்பது. இப்படிக் குழப்பம் வந்தால் முதலில் அதைப் பாருங்கள்.

கரையோரம்: சேர்மமே தெரியாமல் எப்படிச் சொல்கிறீர்கள்?

மின்மினி: ஹைட்ரஜன் குளோரைடு, அயோடைடு. முதலாவது −85 டிகிரி, அடுத்தது −35.

சோதனைக்குழாய்: அப்படியானால் நிறைதான் காரணம். கனமான மூலக்கூறு லேசில் ஆவியாகாது.

மூத்தவர்: அடிப்படைப் பாடம் இது. முனைவை அளக்கும் இருமுனை திருப்புத்திறன் குளோரைடுக்கு 1.08 டிபை (அதன் அலகு), அயோடைடுக்கு 0.44. லண்டன் விசையை மறந்துவிட்டு முனைவை மட்டும் பிடித்துக்கொண்டால் இப்படித்தான் ஆகும். பாடத்தைத் திரும்பப் படியுங்கள்.

கரையோரம்: தேர்வுக்கு முந்தைய நாள் கேட்பவரிடம் இப்படியா சொல்வது? மின்மினி, லண்டன் விசை இதுதான்: எலக்ட்ரான் மேகம் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஒரு கணம் ஒரு பக்கம் ஒதுங்கினால் அந்தப் பக்கம் சிறிது எதிர்மின்சுமை. அது பக்கத்து மூலக்கூறின் மேகத்தைத் தள்ள, அங்கேயும் இருமுனை உண்டாகிறது. இரண்டும் ஈர்த்துக்கொள்கின்றன. மறுகணம் வேறு திசையில் இதே கதை. இதைக் குவாண்டம் இயக்கவியல் வழியாக 1930இல் விளக்கியவர் ஃபிரிட்ஸ் லண்டன். அயோடைடில் 54 எலக்ட்ரான்கள், குளோரைடில் 18. அயோடினின் வெளி எலக்ட்ரான்கள் கருவிலிருந்து தள்ளி, தளர்வாக இருக்கின்றன. மேகம் சுலபமாக உருக்குலையும். முனைவில் இழந்ததை விட இதில் கிடைப்பது அதிகம்.

சோதனைக்குழாய்: எலக்ட்ரான் கூடினால் நிறையும் கூடுகிறதே. நான் சொன்னதும் அதுதான்.

மூத்தவர்: இல்லை. பென்டேன், நியோபென்டேன் இரண்டுக்கும் ஒரே நிறை. முதலாவது 36 டிகிரியில் கொதிக்கிறது, மற்றது 10க்குக் கொஞ்சம் கீழேயே. பென்டேன் போன்ற நீளமான மூலக்கூறுகள் உடலோடு உடல் ஒட்டிக் கிடக்கும், நியோபென்டேன் போன்ற உருண்டையானவை தொடும் இடம் குறைவு.

சோதனைக்குழாய்: அப்போ முனைவால் ஒரு பயனும் இல்லையா?

கரையோரம்: உண்டு. பியூட்டேன், அசிட்டோன் இரண்டுக்கும் மூலக்கூறு நிறை 58. முனைவு இல்லாத பியூட்டேன் பூஜ்ஜியத்துக்குச் சற்றுக் கீழே கொதிக்கிறது, முனைவுள்ள அசிட்டோன் 56 டிகிரியில். எலக்ட்ரான் எண்ணிக்கை நெருக்கமாக இருக்கும்போதுதான் முனைவை வைத்து ஒப்பிட வேண்டும்.

மூத்தவர்: அந்த வரியைப் பாடத்திலேயே எழுதியிருக்கலாம். எழுதுவதில்லை.

மின்மினி: புரிந்தது, நன்றி. ஃப்ளூரைடு மட்டும் 19.5 டிகிரி என்று போட்டிருக்கிறதே?

சோதனைக்குழாய்: அங்கேதான் ஹைட்ரஜன் பிணைப்பு!

கரையோரம்: ஆமாம், அங்கே சரி.