கடை விற்பனையை ஷேர்பாயிண்ட் பக்கத்தில் காட்ட இயலுமா?

கேள்வி:
பினாங்கு லிட்டில் இந்தியாவில் இரண்டு கிளைகள் கொண்ட துணிக்கடையில் கணக்கு பார்க்கிறேன். மைக்ரோசாப்ட் 365 சந்தா ஏற்கெனவே இருப்பதால், வேறு மென்பொருள் வாங்காமல் அன்றாட விற்பனையையும் இருப்பையும் முதலாளி ஒரே பக்கத்தில் பார்க்க வழியுண்டா?

மறுமொழி 1:
உண்டு, ஐயா. நிறுவனத்துக்குள் பக்கங்களும் பட்டியல்களும் அமைக்க உதவும் மைக்ரோசாப்டின் ஷேர்பாயிண்டில் ஒரு பட்டியல் தொடங்கி, தேதி, கிளை, ரிங்கிட் தொகை ஆகியவற்றைப் பதிந்து, எக்செல் பிவட் டேபிளில் (தரவைத் தொகுத்துக் கூட்டும் அட்டவணை) கிளைவாரியாகக் கூட்டி வரைபடமாக்கி, அதைப் பக்கத்தில் பொருத்துங்கள்.

மறுமொழி 2:
ஒன்றைக் கவனியுங்கள்: பட்டியலில் 3 கோடி பதிவுகள் வரை சேரலாம் என்றாலும், ஒரு பார்வை (view, பட்டியலைத் திரையில் காட்டும் அமைப்பு) 5,000 பதிவுகளுக்கு மேல் அலச நேர்ந்தால் தடைபடும், தீபாவளி நெரிசலில் அந்த எண்ணிக்கை விரைவில் எட்டிவிடும் என்பதால், தேதிப் பத்தியை இப்போதே இண்டெக்ஸ் செய்து (விரைவாகத் தேடும்படி குறியிட்டு) மாதவாரியாக வடிகட்டுங்கள்.

மறுமொழி 3:
இருப்புக்கு வரைபடமே வேண்டாம். குறைந்த சரக்கு சிவப்பாகத் தெரிந்தால் போதும்.