சான்ட்ரோ ஜிங் பிக்கப்பில் திணறுகிறது, டைமிங் பெல்ட்டா, வேறு ஏதாவதா?

கடலூர் சான்ட்ரோ:
வணக்கம். 2011 மாடல் சான்ட்ரோ ஜிங், பெட்ரோல், 82 ஆயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, நான் இரண்டாவது ஓனர். கொஞ்ச நாளாக ஆக்ஸிலேட்டரை மிதித்தால் வண்டி ஒரு நொடி யோசிக்கிறது, அப்புறம் ஒரு வெட்டு வெட்டிவிட்டு இழுக்கிறது. மெதுவாகப் போனால் ஒன்றும் தெரியாது, ரெட்டிச்சாவடி தாண்டி நாலாவது கியரில் பஸ்ஸை ஓவர்டேக் பண்ண மிதிக்கும்போதுதான் இழுவை இல்லாமல் போகிறது, ஏசி போட்டிருந்தால் இன்னும் மோசம். மழை நாளில் அதிகம். காலையில் செல்ஃப் அடித்தால் உடனே ஸ்டார்ட் ஆகிறது, ஐடிலிங்கும் சரியாகத்தான் இருக்கிறது.

ஒரு மெக்கானிக் சத்தத்தை மட்டும் கேட்டுவிட்டு "டைமிங் பெல்ட் பல் தாண்டிடுச்சு, மாத்திடலாம்" என்கிறார். இன்னொருவர் பெல்ட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பிளக் மாற்றினால் போதும் என்கிறார். பெல்ட் எப்போது மாற்றியது என்று பழைய ஓனருக்கே தெரியவில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கு அப்புறம் தென்பெண்ணை வெள்ளம் வந்தபோது பாதிச் சக்கரம் வரை தண்ணீரில் நின்ற வண்டி இது. அம்மாவை ஜிப்மருக்குச் செக்கப் அழைத்துப் போவது இதில்தான், நடுவழியில் நின்றால் அவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பயமாக இருக்கிறது. யார் சொல்வதை நம்புவது?

மரப்பாலம் மெக்கானிக்:
தம்பி, இரண்டு பேர் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். டைமிங் பெல்ட் என்பது கிராங்கையும் (பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டு) கேமையும் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) ஒரே தாளத்தில் சுற்றவைக்கும் பல் வைத்த ரப்பர் பெல்ட். அது ஒரு பல் தாண்டினால் தாண்டினதுதான், மழை நாளில் தாண்டி வெயில் நாளில் திரும்பி வராது. டைமிங் தவறின வண்டி காலையிலிருந்தே சொல்லிவிடும்: செல்ஃப் நீளமாக அடிக்க வேண்டியிருக்கும், ஐடிலிங் ஆடும், மைலேஜ் இறங்கும், எந்த கியரிலும் சோம்பலாகவே இருக்கும். நீங்கள் சொல்வது லோடு கொடுக்கும்போது மட்டும், அதுவும் ஈரத்தில் அதிகம். எனக்கு முதல் சந்தேகம் பிளக் வயர் மேல்தான்.

காரணம் இருக்கிறது. ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், அந்த அழுத்தத்தில் பிளக் பொறி அடிக்க இக்னிஷன் காயில் (பிளக்குக்கு வோல்டேஜை ஏற்றித் தரும் சுருள்) அதிக வோல்டேஜ் கொடுத்தாக வேண்டும். வயரிலோ அதன் ரப்பர் தொப்பியிலோ மயிரிழை விரிசல் இருந்தால் கரண்ட் பிளக்குக்குப் போகாமல் பக்கத்தில் இருக்கும் இரும்புக்குத் தாவிவிடும். ஐடிலிங்கில் அந்தப் பிரச்சினை வெளியே வராது. கடற்கரை ஊரில் வயர் முனையில் பச்சை பூப்பதும் சீக்கிரம், வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் கேட்கவே வேண்டாம்.

ராத்திரி லைட் இல்லாத இடத்தில் வண்டியை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்துவிட்டு பானெட்டைத் திறந்து வையுங்கள், ஒருவரை ரேஸ் கொடுக்கச் சொல்லிப் பிளக் வயர் மேல் லேசாகத் தண்ணீர் ஸ்ப்ரே பண்ணுங்கள். நீலப் பொறி தாவினால் கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஷாக் பலமாக இருக்கும்.

வில்லியனூர் வாசி:
ஏர் ஃபில்டரையும் த்ராட்டில் பாடியையும் (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்) பார்த்துவிடுங்கள் சார், என் வண்டியில் த்ராட்டில் பாடியில் கரி பிடித்து இதே மாதிரிதான் மிதித்ததும் முழித்தது. பெட்ரோல் பம்ப் பிரஷர் குறைந்தாலும் ஓவர்டேக்கில் கை விடும், ஆனால் அது மழை வெயில் பார்க்காது. பழைய வண்டி என்பதால் எரிபொருள் ரப்பர் ஹோஸ்களையும் ஒரு தடவை கையால் அழுத்திப் பாருங்கள், இப்போது வருவது எத்தனால் கலந்த பெட்ரோல்.

கடலூர் சான்ட்ரோ:
அண்ணா, நேற்று ராத்திரி பார்த்தேன். மூன்றாவது சிலிண்டர் வயரில் தொப்பி ஓரத்தில் நீலமாகத் தாவுகிறது! ஏர் ஃபில்டர் சுத்தம், ஹோஸ்களும் பரவாயில்லை. அப்போ பெல்ட்டை விட்டுவிடலாமா?

மரப்பாலம் மெக்கானிக்:
விடக்கூடாது தம்பி, இங்கேதான் கவனம் வேண்டும். திணறலுக்குக் காரணம் வயர், நாலையும் செட்டாக மாற்றுங்கள், பிளக்கும் சேர்த்து. பெல்ட் வேறு கணக்கு. ரப்பர் ஓடினாலும் தேயும், ஓடாமல் நின்றாலும் வயதாகும், எப்போது மாற்றியது என்று தெரியாத பெல்ட்டை மாற்ற வேண்டிய பெல்ட் என்றுதான் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்திருக்கும் வால்வை இடிக்கும். வால்வு வளைந்தால் எஞ்சின் ஹெட்டை (வால்வுகள் இருக்கும் மேல்பகுதி) இறக்க வேண்டும், அந்தச் செலவு பெல்ட் செலவைப் போலப் பல மடங்கு. முன்னாடியே சொல்லிவிட்டு அறுவதும் கிடையாது, ரோட்டில் போகும்போதே எஞ்சின் அணைந்துவிடும்.

மேல் கவரை மட்டும் கழற்றினால் பெல்ட் தெரியும். முதுகில் விரிசல், ஓரத்தில் நூல் பிரிவது, எண்ணெய்ப் பிசுக்கு, இந்த மூன்றையும் பாருங்கள். பல் தாண்டியதா என்ற சந்தேகம் தீர வேண்டுமென்றால் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு எஞ்சின் சுற்றும் திசையிலேயே கையால் திருப்பி, முதல் சிலிண்டரின் பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் மார்க்கும் கேம் புல்லி மார்க்கும் ஒரே நேரத்தில் நேராக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கேம் மார்க் எதிர்ப்பக்கம் இருந்தால் பதற வேண்டாம், கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று வரும், இன்னும் ஒரு சுற்று திருப்பினால் சரியாக வரும். காதால் கேட்டுப் பல் தாண்டியது என்று சொல்வது வைத்தியம் இல்லை.

கடலூர் சான்ட்ரோ:
வயர், பிளக் மாற்றியாச்சு அண்ணா, திணறல் சுத்தமாகப் போய்விட்டது, ஏசி போட்டுக்கொண்டே தென்பெண்ணைப் பாலத்தில் மிதித்துப் பார்த்தேன். மார்க் இரண்டும் நேராக இருந்தது. ஆனால் பெல்ட் முதுகில் நிறைய விரிசல், கேம் பக்கம் எண்ணெய் ஈரம். சனிக்கிழமை மாற்றக் கொடுக்கிறேன். என்னென்ன கேட்டு வாங்க வேண்டும்?

மரப்பாலம் மெக்கானிக்:
அதுவரை வண்டியை எடுக்காதீர்கள், அம்மாவுக்கு வேறு வண்டி பாருங்கள். பெல்ட்டோடு டென்ஷனரும் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) புதுசாகப் போடச் சொல்லுங்கள், அதன் பேரிங் மாட்டிக்கொண்டால் புதுப் பெல்ட்டும் போய்விடும். எண்ணெய் ஈரம் இருப்பதால் கேம் ஆயில் சீலை மாற்றாமல் கவரை மூட விடாதீர்கள், எண்ணெய் பட்ட ரப்பர் உப்பி நெகிழ்ந்துவிடும். பெல்ட்டை மடக்கவோ முறுக்கவோ கூடாது. மாட்டினதும் செல்ஃப் அடிப்பதற்கு முன்னால் கிராங்கை கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க்கை மறுபடி பார்க்க வேண்டும், எங்கேயாவது இடித்து நின்றால் பலவந்தமாகத் திருப்பக் கூடாது. பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றின பழைய பெல்ட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, தேதியையும் கிலோமீட்டரையும் பில்லில் எழுதி வாங்குங்கள்.