உதவி: மீசையைத் தொட்டா எல்லா செல்லும் ஒண்ணா மின்னுது

செம்பனைக்காடு (சுங்கை சிப்புட்)
வணக்கம், அவசரம். சுண்டெலியோட சி2 மீசையை (சி வரிசையில ரெண்டாவது) பியெசோ (மின்சாரம் கொடுத்தா அசையற கருவி) வச்சுத் தள்றேன். மூளையை டூ-ஃபோட்டான் லேசர் மைக்ராஸ்கோப்புல எடுத்த படத்துல 140 நரம்பு செல்லோட ஒளியும் ஒரே நேரத்துல ஏறுது, டெல்டா எஃப்/எஃப் (ஒளி மாற்ற விகிதம்) 8% வருது. செல்லே இல்லாத இடமும் ஏறுது. சூட்2பி (அசைவைத் திருத்திச் செல்லைப் பிரிக்கிற மென்பொருள்) ஓட்டியும் மாறல. நாளைக்குக் காட்டணும், என்ன செய்யலாம்?

வரிசை_டி
செல்லை மின்ன வைக்கிற சென்சார் எது? ஆழம் எவ்வளவு? மயக்கத்துலயா, முழிச்சிருக்கா? வினாடிக்கு எத்தனை ஃப்ரேம்? இதெல்லாம் இல்லாம யாரும் எதுவும் சொல்ல முடியாதுங்க.

கோலகங்சார் அக்கா
தம்பி, சூட்2பி தர்ற எஃப் (செல் ஒளி) கோப்பை அப்படியே வரைஞ்சிட்டியா? அது நியூரோபில் (செல்லைச் சுத்தின நரம்பு நார்) ஒளியைக் கழிக்காதது. அந்த ஒளி எஃப்நியூன்னு தனிக் கோப்பா இருக்கும். அதை 0.7ஆல பெருக்கி எஃப்லேருந்து கழி. செல்லைச் சுத்தி இருக்கற நார்க்கூட்டத்தோட ஒளிதான் செல் வட்டத்துக்குள்ள கசியுது. செல் இல்லாத இடம் ஏறுறதுக்கும் அதுதான் காரணம்.

பழைய கை
அடிப்படை தெரியாம மைக்ராஸ்கோப்புல உட்கார்ந்தா இப்படித்தான். மூளைப் புறணியோட நாலாம் அடுக்குல ஒரு மீசைக்கு ஒரு பீப்பாய் (செல் கூட்டம்)னு வூல்சியும் வான் டெர் லூசும் 1970லயே காட்டியாச்சு. சி2 பீப்பாய் எங்க இருக்குன்னு முதல்ல கண்டுபிடிங்க. பச்சை ஒளியில ரத்தக்குழாய்ப் படம் ஒண்ணு எடுங்க. அப்புறம் 630 நானோமீட்டர் சிவப்பு ஒளிக்கு மாறி, ஃபோகஸை 300 மைக்ரான் கீழே இறக்கி, மீசையை 10 ஹெர்ட்ஸ்ல 4 வினாடி தள்ளுங்க. 20, 30 தடவை எடுத்து சராசரி போட்டாத்தான் சி2 பீப்பாய் இருக்கற இடம் இருண்ட புள்ளியாத் தெரியும். மாற்றம் ஆயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும். இதைச் செய்யாம செல் எண்ணி என்ன பயன்?

வரிசை_டி
அண்ணே, தப்பான பீப்பாயா இருந்தா பதில் குறையணும். இங்க எல்லாமே ஏறுதே?

ஈரக்கண்ணாடி
ஏர்கோன் அறைக் கதவு திறந்திருக்கா? மழை நேரத்துல வெளி ஈரம் உள்ளே வந்தா லென்ஸ் வியர்க்கும். 16எக்ஸ் லென்ஸுக்கும் எலி மண்டையோட்டுல பதிச்ச ஜன்னல் கண்ணாடிக்கும் நடுவுல உள்ள தண்ணியில குமிழி இருக்கான்னும் பாருங்க.

வரிசை_டி
அதுல படம் மெதுவா மங்கும். தொடும்போது மட்டும் ஏறாது.

செம்பனைக்காடு
மன்னிக்கணும். ஜிகேம்ப்6எஸ் (செல் துடிச்சுக் கால்சியம் ஏறினா மின்னுற சென்சார்), 920 நானோமீட்டர் லேசர், 200 மைக்ரான் ஆழம், 30 ஃப்ரேம், 512 வரி. மயக்க மருந்து ஐசோஃப்ளூரேன் 1%. 0.7 கழிச்சா ஏத்தம் குறையுது, ஆனா போகல.

பழைய கை
1% மயக்கத்துல மேலடுக்குச் செல்கள் பாதி தூங்கும். முழிச்ச எலியில செய்யுங்க.

கோலகங்சார் அக்கா
முழிச்ச எலி மீசையைத் தானே ஆட்டும், தலையும் அசையும். சூட்2பி பக்கவாட்டு அசைவைத்தான் திருத்தும், மேல்கீழ் அசைவை ஒண்ணும் பண்ணாது. தம்பி மயக்கத்துலயே முடிக்கட்டும், 0.8%க்கு இறக்கினாப் போதும்.

பழைய கை
உங்க 0.7 மட்டும் என்ன வேதவாக்கா? லென்ஸுக்கு லென்ஸ் மாறும். சின்ன ரத்தக்குழாய்க்குள்ள தெரியற ஒளியைப் பக்கத்து நியூரோபில் ஒளியால வகுத்துப் பாருங்க. குழாய்க்குள்ள சென்சாரே கிடையாது, அங்க தெரியறது முழுக்கக் கசிவு. அந்த விகிதம்தான் உங்க எண்.

கோலகங்சார் அக்கா
அதை ஒத்துக்கறேன். ஆனா விகிதம் எதுவா இருந்தாலும் தம்பி பிரச்சினை தீராது போல.

கம்பிக்காரர்
எல்லாரும் கணக்குலயே நிக்கறீங்க. தம்பி, சராசரி வேண்டாம், தொடுற நேரத்து மூல ஃப்ரேமைத் திற. லேசர் மேலேருந்து கீழே வரி வரியா ஓடுது, ஒரு ஃப்ரேமுக்கு 33 மில்லிவினாடி. படத்துல ஒரு வரிக்கு மேல இருட்டு, அதுக்குக் கீழ வெளிச்சம்னு நேர்கோடு தெரிஞ்சா அது கால்சியம் இல்ல, வெளி ஒளி. எந்தச் செல்லும் வரி பார்த்துத் தொடங்காது. வளைவோட உருவத்தையும் பாரு. 6எஸ் ஒரு நரம்புத் துடிப்புக்கு உச்சம் போகவே 180 மில்லிவினாடி எடுக்கும், பாதியா இறங்க 550. ஒரே ஃப்ரேம்ல ஏறி ஒரே ஃப்ரேம்ல விழுந்தா விளக்குதான். லேசர் ஷட்டரை மூடி, பிஎம்டியை (ஒளியை அளக்கற குழாய்) மட்டும் போட்டு மீசையைத் தள்ளு. அப்பவும் ஏறினா வெளி ஒளிதான்னு முடிவாச்சு.

பழைய கை
பிஎம்டி முன்னாடி 525/50 ஃபில்டர் இருக்கு. வெளி ஒளி எப்படி உள்ள வரும்?

கம்பிக்காரர்
அண்ணே, அந்த ஃபில்டர் 500லேருந்து 550 வரை விடும். பச்சை எல்இடியோட ஒளி அதுக்குள்ளதான் விழும், தடையே இல்ல. சிவப்பா இருந்தா பெரும்பாலும் நின்னுடும். தம்பி, பியெசோ டிரைவர்லயோ, அதைத் தள்ளச் சொல்லி சிக்னல் அனுப்பற டிரிகர் பெட்டியிலயோ தொடும்போது மட்டும் எரியற பச்சை விளக்கு இருக்கா? தேடும்போது அறை விளக்கைப் போட்டா பிஎம்டியை அணைச்சிடு, கெட்டுடும்.

செம்பனைக்காடு
ஷட்டர் மூடியும் ஏறுது. டிரிகர் பெட்டியில பச்சை எல்இடி! கருப்பு டேப் ஒட்டி, லென்ஸைச் சுத்திக் கருப்புத் துணி கட்டினேன். நேர்கோடு போச்சு. இப்ப 140ல 11 செல் மட்டும் பதில் தருது. ரொம்பக் கம்மியோ?

கோலகங்சார் அக்கா
கம்மி இல்லப்பா. ரெண்டு, மூணாம் அடுக்குல தொடுதலுக்குப் பதில் தர்ற செல்கள் அப்படித்தான் அங்கொண்ணு இங்கொண்ணா இருக்கும்.

கம்பிக்காரர்
அந்த 11ஐ நம்புறதுக்கு முன்னாடி ஒண்ணு செய். மீசையை பியெசோவுலேருந்து எடுத்துட்டு அதே துடிப்பை ஓட்டு. அப்பவும் மின்னினா எலி பியெசோ சத்தத்தைக் கேக்குது. சதுர அலை கொடுத்தா பியெசோ துள்ளி அதிரும், சத்தமும் போடும். ஏத்தத்தையும் இறக்கத்தையும் வழவழப்பான கோசைன் சரிவா மாத்து. மீசையை முகத்துலேருந்து 3 மில்லிமீட்டர்ல பிடிச்சிருக்கியா?

வரிசை_டி
தம்பி? அந்தச் சோதனை என்னாச்சு?