பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரோட சேஸ் பிளேட்ட (வண்டியோட அடி ஃபிரேம் நம்பர் அடிச்ச தகடு) மட்டும் தனியா விக்கலாமா? பின்னாடி சிக்கல் வருமா?

காரைக்குடிகாரன்:
வணக்கம் நண்பர்களே, ஒரு சந்தேகம், தெரிஞ்சவங்க சொல்லுங்க. அப்பாவோட 1969 ஹெரால்டு ஷெட்ல கெடக்கு, அடித்தகடு பூரா துரு தின்னுருச்சு, எஞ்சின அப்பா இருக்கும்போதே கழட்டி வித்துட்டாங்க, இனி ரோட்டுக்கு வராது. எடைக்குப் போடலாம்னு போட்டோ எடுத்துப் போட்டேன், ஒருத்தர் கூப்பிட்டு வண்டியே வேணாம், பானெட்டுக்குள்ள ரிவிட் அடிச்சிருக்குற நம்பர் தகடும் ஆர்சி புக்கும் மட்டும் குடுங்க, 40 ஆயிரம் தர்றேங்கறார். வெறும் தகடு தானே குடுத்துட்டுப் போன்னு வீட்ல சொல்றாங்க, எனக்கு மனசு ஒப்பல. ஆர்சி இன்னும் அப்பா பேர்லதான் இருக்கு, அப்பா தவறிட்டாங்க.

வீல்கப்:
புதுப்பேட்டைல பழைய எம்பளம், பிளேட் எல்லாம் குமிஞ்சு கெடக்கு ப்ரோ. தாராளமா குடுங்க.

பழையவண்டி மெக்கானிக்:
தம்பி, தயவுசெஞ்சு குடுத்துடாதீங்க. எம்பளம், வீல்கப், மீட்டர் இதெல்லாம் ஸ்பேர், யாருக்கு வேணா விக்கலாம். நம்பர் அடிச்ச தகடு அப்படி இல்ல, அதுதான் வண்டியோட அடையாளமே. வண்டி வேணாம் பேப்பர் போதும்னு ஒருத்தர் கேட்டா அவர்கிட்ட பேப்பர் இல்லாத இன்னொரு வண்டி நிக்குதுன்னுதான் நான் எடுத்துக்குவேன், அது திருட்டு வண்டியாக்கூட இருக்கலாம், பழைய நம்பர கிரைண்டர்ல தேச்சுட்டு உங்க நம்பர பஞ்ச் பண்ணி தகட்டையும் மாட்டிட்டா வேல முடிஞ்சுது. அதுலயும் 2021ல விண்டேஜ் ரூல் வந்ததுலேர்ந்து, 50 வருஷம் தாண்டி சேஸ், பாடி, எஞ்சின் மாத்தாம ஒரிஜினலா இருந்தா 20 ஆயிரம் கட்டி விஏ சீரிஸ்ல நம்பர் வாங்கலாம், அதனால இந்த மாதிரி பேப்பருக்கெல்லாம் மவுசு. இது தெரிஞ்சும் நீங்க குடுத்தா பிஎன்எஸ் (ஐபிசிக்குப் பதிலா வந்த சட்டம்) 318வது பிரிவு ஏமாத்து கேஸ்ல உங்களையும் உடந்தையா சேக்க வழி இருக்கு. தெரியாம குடுத்தாலும் போலீஸ் மொதல்ல வர்றது ஆர்சில இருக்குற அட்ரஸுக்குத்தான். வண்டிய வித்துட்டு பேர் மாத்தாம விட்ட கேஸ்லயே, ஆக்சிடென்ட் நஷ்ட ஈடு ஆர்சில பேர் இருக்குறவர் மேலதான்னு சுப்ரீம் கோர்ட் 2018ல சொல்லிருக்கு.

காரைக்குடிகாரன்:
ரொம்ப நன்றிண்ணே. அப்ப முறைப்படி என்ன பண்ணணும்? அந்தத் தகட்ட மட்டும் அப்பா ஞாபகமா வச்சுக்கலாமா?

ஆர்டிஓ பக்கத்துவீடு:
மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவு, வண்டி இனி ஓடவே ஓடாதுன்னா 14 நாளுக்குள்ள, இல்ல எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆர்டிஓ-வுக்கு எழுதிக் குடுத்து ஆர்சிய ஒப்படைக்கணும். அப்பாவோட இறப்புச் சான்றிதழ், வாரிசு சான்றிதழ் கையோட வச்சுக்கங்க. சேஸ்ல பஞ்ச் பண்ண நம்பர மண்ணெண்ணெய் ஊத்தி எமரி பேப்பரால லேசா தேச்சுட்டு, மேல பேப்பர் வச்சு பென்சில்ல ஓட்டி ஒரு பிரிண்ட் எடுத்துக்கங்க, துருல மறைஞ்சிருந்தாலும் ஹெரால்டுக்கு சேஸ் தனி ஃபிரேம்ங்கறதால தேடிப் புடிச்சிடலாம். கேன்சல் ஆர்டர் கைக்கு வர்ற வரைக்கும் எதையும் வெட்டாதீங்க, எடைக்கும் போடாதீங்க. அப்புறம் தகட்ட ஃபிரேம் போட்டு மாட்டுங்க, ஆர்டர் காப்பியையும் கூடவே வச்சுக்கங்க.

பழையவண்டி மெக்கானிக்:
அந்த ஆள்கிட்ட இதையும் கேட்டுப் பாருங்க. ஃபார்ம் 31 போட்டு என் பேருக்கு மாத்திட்டு வாங்குறவர் பேருக்கு மாத்துற ஃபார்ம் 29, 30ல கையெழுத்துப் போட்டு வண்டியோட சேத்தே தர்றேன், உங்க ஆதார் காப்பி குடுங்கன்னு சொல்லுங்க. நெஜமாவே ரெஸ்டோர் பண்றவர்னா சந்தோஷமா ஒத்துக்குவார்.

காரைக்குடிகாரன்:
இப்பதான் பேசுனேண்ணே. ஆதார்னு சொன்னதும் யோசிச்சு சொல்றேன்னு வச்சுட்டார். நான் குடுக்கப்போறதில்ல. ஒரே ஒரு டவுட்டு, வண்டி அந்தக் காலத்துல மெட்ராஸ்ல ரிஜிஸ்டர் ஆனது, அங்கதான் போகணுமா?

ஆர்டிஓ பக்கத்துவீடு:
வேணாம். வண்டி எங்க நிக்குதோ அந்த ஏரியா ஆர்டிஓ-ல குடுத்தாப் போதும், ரிஜிஸ்டர் பண்ண ஆபீசுக்கு அவங்களே அனுப்பணும். மனுவ ரெண்டு காப்பி எடுத்து, ஒண்ணுல சீல் வாங்கிட்டு வாங்க.