பிறர் மனத்தை அறிதல்: காது கேளாத பிள்ளைகளிடம் நாம் கண்டவை

மதுரையிலிருந்து ஒரு சிறப்பாசிரியர்:

வகுப்பில் இரண்டு பொம்மைகளை வைத்துச் சைகையிலேயே ஒரு கதை சொன்னேன். அக்கா கடலை மிட்டாயைச் சொளகுக்கு அடியில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். தம்பி அதை எடுத்துச் சொம்புக்குள் ஒளிக்கிறான். திரும்பி வரும் அக்கா முதலில் எங்கே தேடுவாள்? காது கேட்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்து வயதுக்குள் சொளகைக் காட்டிவிடுவார்கள். கணக்கில் கெட்டிக்காரனான எட்டு வயதுப் பையனோ தயங்காமல் சொம்பைக் காட்டினான். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி சொளகைக் காட்டி, "பாவம், அவளுக்குத் தெரியாதே" என்று சைகை செய்து சிரித்தாள். இருவருக்கும் செவித்திறன் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அவளுடைய பெற்றோரும் காது கேளாதவர்கள் என்பதால் பிறந்தது முதலே வீட்டில் சைகை மொழி புழங்குகிறது. அவன் வீட்டிலோ சாப்பிடு, வா, அடிப்பேன் என்பதற்கு மேல் கையசைவு கிடையாது.

மனத்தைப் பற்றிய பேச்சு எட்டாததே இத்தாமதத்துக்குக் காரணம் என்று 1995இல் ஆஸ்திரேலியாவில் உளவியல் ஆய்வாளர்களான பீட்டர்சனும் சீகலும் விளக்கினர். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் புதிதாக உருவான சைகை மொழியின் முதல் தலைமுறையினரிடம் நினைத்தல், அறிதல் ஆகியவற்றுக்கான சைகைகள் குறைவாக இருந்ததால், வளர்ந்த பின்னும் அவர்கள் இத்தகைய கதைகளில் தடுமாறியதை 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. பண்பாட்டுக்கும் இதில் பங்குண்டு: ஒருவருக்கு ஒன்று தெரியுமா தெரியாதா என்பதைச் சீன, ஈரானியக் குழந்தைகள் முதலில் பிடித்துக்கொள்கிறார்கள், ஆளுக்கொரு கருத்து இருக்கும் என்பது அவர்களுக்குப் பிறகே பிடிபடுகிறது. அமெரிக்க, ஆஸ்திரேலியக் குழந்தைகளிடம் இவ்வரிசை தலைகீழ். பெரியவர்களை எதிர்த்துப் பேசக்கூடாது என்று வளர்க்கும் நம் வீடுகளும் சீன வரிசையையே ஒத்திருக்கும் என்பது என் ஊகம்.

மேலூரிலிருந்து ஒருவர்:

எங்கள் கூட்டுக் குடும்பத்தில் 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்ற பேச்சு எழாத நாளே இல்லை. அதில் ஒரு சொல்லும் என் தங்கை மகளை எட்டியதில்லை. எல்லோரும் சிரிக்கும்போது அவள் சட்டையைப் பிடித்து இழுத்து ஏனென்று கேட்பாள். "அப்புறம் சொல்கிறேன்" என்று கையை ஆட்டிவிடுவோம், அந்த அப்புறம் வந்ததேயில்லை. தங்கையும் நானும் சைகை மொழி கற்ற பிறகு, தொலைக்காட்சித் தொடரில் யார் யாரை நம்பி ஏமாறுகிறார்கள் என்பதை அவளுக்கு விளக்கத் தொடங்கினோம். சென்ற பொங்கலுக்குத் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை ஒளித்துவிட்டு, முகத்தில் சிறிதும் மாற்றமின்றி மாட்டுத் தொழுவத்தைக் காட்டினாள். பிள்ளை பொய் சொல்லப் பழகிவிட்டதென்று அம்மா குறைப்பட, தங்கையோ அவளைத் தூக்கிச் சுற்றினாள்.