ரெனால்ட் 4 மாடலின் பின்சக்கரத்தை நகர்த்த வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. 1:18 அளவு ரெனால்ட் 4 மாடல் கார் ஒன்றை வாங்கி என் விருப்பப்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். பழைய சிவப்பை உரித்து, பிரைமர் அடித்து, வெளிர் நீலம் பூசியாயிற்று. முதல் கோட் வழிந்து மறுபடி உரித்த கதை இப்போது வேண்டாம்.

சிக்கல் பின்சக்கரத்தில். 1961இல் வந்த அசல் காரில் பின்பக்க டார்ஷன் பார்கள் (முறுக்கிக்கொண்டு ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பிகள்) இரண்டும் குறுக்காக, ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அதனால் முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் ஒரு பக்கத்தில் சுமார் 48 மி.மீ. கூடுதல். மாடலில் அது 2.7 மி.மீ. வர வேண்டும். ஆனால் என்னுடையதில் இரு பக்கமும் ஒரே அளவு, குறுக்கே ஒரே கம்பி. யார் பார்க்கப் போகிறார்கள் என்கிறார்கள் வீட்டில். நான் பார்க்கிறேனே!

கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பித்தளைக் குழாய்களில் தனித்தனி அச்சாகப் பொருத்தலாமா? எப்பாக்ஸி தாங்குமா? அடித்தட்டு பிளாஸ்டிக் என்பதால் சால்டரிங் செய்யப் பயமாக இருக்கிறது.

அப்புறம், டாஷ்போர்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கியர் லீவருக்கு எவ்வளவு தடிமன் கம்பி சரியாக இருக்கும்? இதைச் செய்து பார்த்தவர்கள் படத்தோடு சொன்னால் இன்னும் நல்லது.