குப்பையில் எடுத்த பொருளில்தான் செய்ய வேண்டும் என்று மாணவர்களைக் கட்டாயப்படுத்தலாமா?

அச்சுமை

வணக்கம். சென்னையில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்துக்கு எங்களுக்குக் கொடுத்த வேலை ஒரு முக்காலி. 80 கிலோ தாங்க வேண்டும். ஆணி, பசை தவிர எதையும் புதிதாக வாங்கக் கூடாது. எல்லாம் யாரோ தூக்கிப் போட்டதாக இருக்க வேண்டும்.

மூன்று வாரத்தில் 11 நாள் பொருள் தேடியே போய்விட்டது. புதுப்பேட்டைக்குப் போனேன். அங்கே கழற்றிப் போட்ட ஒவ்வொரு வண்டிப் பாகத்துக்கும் விலை இருக்கிறது, சும்மா யாரும் தருவதில்லை. விடுதிக்குப் பக்கத்தில் இடித்துக்கொண்டிருந்த வீட்டில் ஒரு கதவுப் பலகையைத் தூக்கினேன், காவலாளி திட்டிப் பிடுங்கிக்கொண்டார். என் வகுப்பில் ஒருவனுடைய அப்பா மரச்சாமான் தொழிற்சாலை வைத்திருக்கிறார். அங்கே மிஞ்சிய பிளைவுட் துண்டுகள் டெம்போவில் வந்து இறங்கின. விதிப்படி அதுவும் கழிவுதான். இடை மதிப்பீட்டில் அவனுக்கு நல்ல மதிப்பெண், எனக்கு "இன்னும் தேடு" என்று ஒரு வரி. கடைசி ஜூரிக்கு, அதாவது ஆசிரியர்கள் குழுவாக உட்கார்ந்து வேலையை மதிப்பிடும் நாளுக்கு, இன்னும் 10 நாள் இருக்கிறது.

பழையதில் செய்வது எனக்குப் பிடிக்கும். அதைக் கட்டாயமாக்குவது நியாயமா என்று மட்டும் சொல்லுங்கள்.

களிமண்

நான் வேறு ஊரில், வேறு கல்லூரியில் 14 வருடமாக முதலாண்டுக்குப் பாடம் எடுக்கிறேன். இதே மாதிரி வேலையை நானும் கொடுப்பதுண்டு. கட்டாயம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஓவியர் யோசெப் ஆல்பர்ஸ் 1920இல் ஜெர்மனியின் பௌஹவுஸ் என்ற வடிவமைப்புப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தபோது அவருக்கு வயது 32. கையில் காசில்லை. ஒரு சுத்தியலும் முதுகுப்பையுமாக வைமார் நகரத்துக் குப்பைமேட்டுக்குப் போய் உடைந்த பாட்டில்களைப் பொறுக்கி வந்து கண்ணாடிச் சித்திரங்கள் செய்தார். 1923இல் அதே பள்ளி அவரை ஆசிரியராக்கியது. அவர் வகுப்பைப் பற்றி மாணவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எல்லோருக்கும் செய்தித்தாள் கொடுத்து, வீணாக்காமல் ஏதாவது செய்யச் சொல்லிவிட்டுப் போனாராம். திரும்பி வந்து பார்த்தால் முகமூடி, படகு, கோட்டை, விலங்குகள் என்று வரிசையாக இருந்தன. இதையெல்லாம் வேறு பொருளில் இன்னும் நன்றாகச் செய்யலாமே என்று சொல்லிவிட்டு, ஒரு மாணவர் செய்திருந்ததை எடுத்துக் காட்டினார். அது தாளை நீளவாக்கில் மடித்து நிற்க வைத்தது, அவ்வளவுதான். தொய்ந்து கிடக்கும் தாள் ஒரு மடிப்பில் எழுந்து நிற்கிறது.

கடையில் வாங்கிய சன்போர்டு, அதாவது மாதிரிகள் செய்யும் லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை, நீங்கள் சொன்னபடியெல்லாம் கேட்கும். அதனால் அது உங்களுக்கு எதையும் கற்றுத் தராது. பழைய பொருள் எதிர்த்துப் பேசும். அந்த 11 நாளும் பாடம்தான் அம்மா, வீணில்லை.

எடைக்கல்

திருச்சியில் எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகப் பழைய இரும்புக் கடை நடத்துகிறது. காலேஜ் பிள்ளைகள் எங்களிடமும் வருவார்கள். அதனால் இதில் நான் பேச வேண்டும்.

களிமண் சார், ஆல்பர்ஸ் குப்பைமேட்டுக்குப் போனது கையில் காசில்லாமல். மதிப்பெண் வைத்து யாரும் அவரை அனுப்பவில்லை. கட்டாயத்துக்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது சரியில்லை.

இன்னொன்று. "யாரோ தூக்கிப் போட்டது" என்கிறீர்களே, அப்படி ஒன்று நம் ஊரில் அதிகம் கிடையாது. தெருவில் கிடக்கிற அட்டைப்பெட்டியை விடியற்காலையில் ஒரு அம்மா எடுத்து, மடித்து, கட்டி, எங்கள் தராசில் வைக்கிறார். அவருக்கு அது அன்றைய சாப்பாடு. 40 மாணவர்கள் ஒரு வாரம் அந்தத் தெருவில் இறங்கினால் அவர் கூடை காலி. பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்த காலத்திலிருந்தே இது விலைச் சரக்கு.

கடைசியாக, எனக்கு ரொம்ப வருத்தம் தருகிற விஷயம். நல்ல அட்டையை எடுத்து, பெவிகால் தடவி, மேலே துணி ஒட்டி, அதன் மேல் எனாமல் அடித்து, ஹாட் க்ளூ ஊற்றி ஒரு நாற்காலி செய்கிறார்கள். ஜூரி முடிந்த மறுநாள் என் கடைக்கு வருகிறது. நான் வாங்க முடியாது, எந்தப் பேப்பர் மில்லும் எடுக்காது. செய்வதற்கு முன்னால் அது மறுபடியும் காகிதமாகியிருக்கும். செய்த பிறகுதான் அது குப்பை.

செங்கை அப்பா

என் மகள் இதே படிப்பில் இருக்கிறாள். லட்சக்கணக்கில் கட்டிப் படிக்க வைப்பது குப்பை பொறுக்கவா? துருப்பிடித்த தகரம் கீறி ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். கல்லூரி பொறுப்பேற்குமா?

எடைக்கல்

ஐயா, ஊசி பற்றிய உங்கள் கவலை நியாயம். கையுறையும் கெட்டிச் செருப்பும் இல்லாமல் யாரையும் அனுப்பக் கூடாது. ஆனால் பொறுக்குவது உங்கள் மகளுக்குக் கேவலம் என்றால், அதையே தினமும் செய்கிறவர்களுக்கும் கேவலம் என்றாகிவிடும். அந்த வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

செங்கை அப்பா

அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. தவறாகப் பட்டிருந்தால் மன்னிக்கவும். பயத்தில் எழுதினேன்.

களிமண்

எடைக்கல், பசை பற்றி நீங்கள் சொன்னது என்னைச் சுட்டது. என் ஸ்டூடியோ அலமாரியிலும் அப்படிப்பட்ட நாற்காலிகள் நிற்கின்றன. ஆனால் அதற்காக இந்த முறையையே கைவிடச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன்.

அமெரிக்காவில் ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் ரூரல் ஸ்டூடியோவைப் பாருங்கள். 1993இல் சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கியது. அலபாமாவின் ஏழை மாவட்டங்களில் கட்டடக்கலை மாணவர்கள் உண்மையான வீடுகளைக் கட்டுகிறார்கள். மேசன்ஸ் பெண்ட் என்ற சிற்றூரில் 2000இல் ஒரு சமுதாயக் கூடம் கட்டினார்கள். அதன் ஒரு பக்கம் மீன் செதில் மாதிரி கார் முன்கண்ணாடிகள், மொத்தம் 80, எல்லாம் சிகாகோ நகரத்துப் பழைய வண்டிக் கிடங்கில் கழற்றியவை. மாணவர் வேலைதான் அது.

எடைக்கல்

அதைப் பற்றி நானும் படித்திருக்கிறேன் சார். அந்த 80 கண்ணாடிக்கு 120 டாலர் விலை கொடுத்து வாங்கினார்கள். நான் கேட்பதும் அதுதான். பழையதில் செய்யுங்கள், எடைபோட்டு வாங்குங்கள். "எதையும் வாங்கக் கூடாது" என்ற விதி பணக்கார மாணவனுக்குத் தொழிற்சாலைத் துண்டைக் கொடுக்கிறது, இந்தத் தங்கச்சியைக் காவலாளியிடம் திட்டு வாங்க வைக்கிறது.

தேக்குவாசல்

காரைக்குடிக்காரன், தச்சு வேலை. எங்கள் ஊர் முனீஸ்வரன் கோயில் தெருவில் வந்து பாருங்கள். இடித்த செட்டிநாட்டு வீடுகளின் தூண், நிலை, கதவு எல்லாம் கடை கடையாக விற்கிறார்கள். பர்மாத் தேக்கில் செய்த பழைய நிலையின் விலையைக் கேட்டால் புது மரமே மலிவு என்று தோன்றும். பழசு என்றால் இலவசம் என்று வாத்தியார்கள் நினைப்பதுதான் இங்கே கோளாறு.

அந்தக் கதவுகளை அவ்வளவு எளிதாகக் கழற்ற முடிவது ஏன் தெரியுமா? துளையும் நாக்குமாகக் கோத்து ஆப்பு அடித்திருக்கிறார்கள். ஆப்பைத் தட்டினால் கழன்று வந்துவிடும். பசை போட்டிருந்தால் இடிக்கும்போதே நொறுங்கியிருக்கும்.

பிள்ளைகளுக்கு இன்னொரு விஷயம். சரக்குப் பெட்டிக்கு அடியில் வரும் பேலட் கட்டையை எடுத்தால், அதில் சுட்ட முத்திரையைப் பாருங்கள். எச்.டி. என்றிருந்தால் சூடேற்றிப் பூச்சி கொன்றது, பயமில்லை. எம்.பி. என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு புகை போட்டது, தொடவே வேண்டாம். இடித்த கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை எந்தக் காரணத்துக்கும் அறுக்காதீர்கள், அந்தத் தூசு நுரையீரலில் போய்த் தங்கிவிடும். பழைய வீட்டுக் கதவுப் பெயின்டில் ஈயம் இருக்கலாம், காய்ந்த நிலையில் உப்புக்காகிதம் போட்டுத் தேய்க்காதீர்கள். தச்சுப்பட்டறையில் இதெல்லாம் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிடுவோம். அனுப்புகிறவர்கள் சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

களிமண்

உண்மை. அதே ரூரல் ஸ்டூடியோ 2002இல் 72,000 கார்ப்பெட் துண்டுகளை அடுக்கி ஒரு வீட்டின் சுவரை எழுப்பியது. வெகுகாலம் கிடங்கில் கிடந்து, ரசாயன வாடை போன துண்டுகளாகப் பார்த்துத்தான் எடுத்தார்கள். இந்த எச்சரிக்கையெல்லாம் என் வேலைத்தாளில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த முறை இருக்கும். பொருளுக்கென்று ஒரு சிறு தொகையை எல்லோருக்கும் சமமாகக் கொடுத்து, ரசீது கேட்பேன். சொந்தத் தொழிற்சாலைத் துண்டுக்கும் அதே எடை விலை போட வேண்டும்.

ஆனால் கட்டாயம் வேண்டாம் என்பதை இன்னும் ஏற்கவில்லை. விருப்பம் என்று விட்டால் 40 பேரில் 38 பேர் சன்போர்டு வாங்கி வருவார்கள். பார்த்திருக்கிறேன்.

எடைக்கல்

கட்டாயம்தான் வேண்டுமென்றால், நாங்கள் வேண்டாம் என்று ஒதுக்குவதைக் கட்டாயமாக்குங்கள். ஃப்ளெக்ஸ் பேனரை எந்தக் காயலான் கடையும் வாங்காது. உள்ளே பாலியஸ்டர் வலை, மேலே பிவிசி. இரண்டையும் பிரிக்க ஆளில்லை. கொளுத்தினால் நச்சுப்புகை. சிப்ஸ் பாக்கெட், ரெக்சின், தெர்மாகோல் எல்லாம் அதே கதிதான். இவற்றை எடுத்தால் யார் கூடையும் காலியாகாது. பத்து வருடம் உழைக்கிற மாதிரி எதையாவது செய்து காட்டட்டும், நானே வந்து கைதட்டுகிறேன்.

விலைபோகிற பொருளை எடுத்தால், மறுபடி என் தராசுக்குச் சுத்தமாக வருகிற மாதிரி செய்யட்டும். இரும்பு இரும்பாக, அட்டை அட்டையாக.

களிமண்

முதல் பாதி அருமையான வேலைத்தாள். அப்படியே எடுத்துக்கொள்கிறேன், உங்கள் அனுமதியோடு. இரண்டாவது பாதி கடினம். ஒரே பொருளில் 80 கிலோ தாங்கும் முக்காலியை இரண்டாம் ஆண்டுப் பிள்ளையிடம் கேட்பது அதிகம் என்று நினைக்கிறேன்.

அச்சுமை

அதிகமில்லை சார், முயன்றுகொண்டிருக்கிறேன்.

என் ஊர் சிவகாசி, அப்பா அச்சகத்தில் வேலை பார்க்கிறார். செய்தித்தாள் கதையைப் படித்த அன்றைக்குத்தான் எனக்கு வீட்டு நினைவு வந்தது. அச்சு ஓட்டி முடித்த ஆஃப்செட் பிளேட்டுகளை, அதாவது அச்சடிக்கும் தகடுகளை, எங்கள் தெருவில் கோழிக்கூண்டுக்கு மேலே போட்டிருப்பார்கள். அலுமினியம், அஞ்சலட்டை கனம்தான் இருக்கும். கத்தரியிலேயே வெட்டலாம், துருப்பிடிக்காது, விளிம்புதான் கையைக் கிழிக்கும். அப்பாவிடம் சொல்லி, அச்சகத்துக்கு எடை விலை கொடுத்து 6 கிலோ வாங்கினேன். ரசீதும் இருக்கிறது.

தட்டையாக இருந்தால் தொய்கிறது. மூன்று அங்குலக் குழாயாக நான்கு சுற்று சுற்றினால் அதன் மேல் ஏறி நிற்கலாம். ஏழு குழாய்களைச் சேர்த்துக் கட்டுவதாகத் திட்டம். பசை இல்லை. விளிம்பை பாப் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் குழல் ஆணி) அடித்து மூடப் போகிறேன், ரிவெட்டும் அலுமினியம்தான். எடைக்கல் அண்ணே, இதை முழுசாக உங்கள் தராசில் வைத்தால் அலுமினிய விலை கொடுப்பீர்களா?

எடைக்கல்

கொடுக்க மாட்டேன் தங்கச்சி. பாப் ரிவெட்டில் வெளியே தெரிவதுதான் அலுமினியம். இழுத்து முறிக்கிற ஆணி பெரும்பாலும் இரும்பு, அதன் தலை உள்ளேயே தங்கிவிடும். நான் காந்தம் வைத்துப் பார்ப்பேன், ஒட்டினால் கலப்புச் சரக்கு விலைதான்.

கடாய்க்குக் கைப்பிடி அடிக்கிறார்களே, அந்தக் கெட்டி அலுமினிய ரிவெட் பாத்திரக் கடைத் தெருவில் கிடைக்கும். ஒரு கனத்த இரும்புக் கம்பியை வைஸில் (பட்டறை இடுக்கிப்பிடி) படுக்கைவாட்டில் பிடித்து, குழாயை அதன் மேல் செருகிக்கொண்டு வெளியிலிருந்து சுத்தியலால் அடி. முதலில் இரண்டு மூன்று கோணும். பத்தாவதில் கை பழகிவிடும்.